நாற்பத்தொன்றாம் சோதனை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நாங்கள் எழுதும் மென்பொருளில் தவறு கண்டுபிடிப்பது அவள் வேலை. என் பக்கத்து மேசைதான். நான் முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால், "எங்க, கொஞ்சம் சலிச்சுப் பாத்துடுறேன்" என்பாள். அரை மணியில் என் மானம் கப்பலேறிவிடும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

பிறப்பு இறப்புப் பதிவேட்டை, பல அலுவலகக் கணினிகள் சேர்ந்து காக்கும் பிளாக்செயின் என்னும் பதிவுச் சங்கிலிக்கு மாற்றும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. அதுதான் அதன் பெருமை. ஆழம் தெரியாமல் காலை விடலாமா? அதனால் முதலில் சோதனை வலையமைப்பு ஒன்றை ஓட்டினோம். அதில் யார் வேண்டுமானாலும் பிறக்கலாம், சாகலாம். வெள்ளிக்கிழமைதோறும் மாலை மொத்தச் சங்கிலியையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம்.

இறப்பைப் பதிய நிஜமான அடையாள எண் வேண்டும். பொய் எண்ணைப் படிவம் ஏற்காது. சல்லடை தன் தம்பியிடம் கேட்டாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் உயிர் வாழ்பவன். தொலைபேசியில் அவன் சிரித்தது எனக்கே கேட்டது.

"போட்டுக்கோக்கா. செத்துட்டான்னு புரளி கிளம்புனா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்கல்ல."

திங்கள்தோறும் அவனைச் சாகடித்தாள். நாற்பத்தொன்றாம் சோதனை அவளே யோசித்தது: ஒருவருடைய இறப்பை இரண்டாம் முறை பதிந்தால் பதிவேடு மறுக்க வேண்டும். மறுத்தது. பச்சைக் குறி போட்டாள்.

தொடக்க விழா நெருங்கியது. எங்கள் மேலாளர், அந்தப் புண்ணியவான், "நல்லா ஓடுறதை எதுக்குத் துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும்? இதையே அசல்னு அறிவிச்சுடலாம்" என்றார். அன்று வியாழக்கிழமை. துடைக்காத பதிவுகளோடு சோதனையே அசலானது. சல்லடை விடுப்பில், தம்பியோடு மருத்துவமனையில் இருந்தாள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவன் பெயர் உள்ளே கிடப்பது நினைவுக்கு வந்தது. பதவி உயர்வுக் காலம். ஊர் வம்பெல்லாம் பேசுகிற என் வாய் அன்று திறக்கவில்லை.

சனிக்கிழமை தம்பி போய் நின்றபோது, இறந்தவருக்கு டயாலிசிஸ் முறை ஒதுக்க முடியாது என்றது மருத்துவமனைக் கணினி. வரவேற்பிலிருந்த பெண் பாவம், திரையையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். அவசரப் பிரிவில் கெஞ்சி ஒரே ஒரு முறை செய்துகொண்டார்கள். மற்ற மருத்துவமனைகளும் அதே பதிவேட்டைத்தான் பார்த்தன.

பழைய பதிவை அழிக்க முடியாது; அதன்மேல் ஒரு திருத்தம் ஏற, பதிவேட்டைக் காக்கும் ஒன்பது அலுவலகங்களில் ஏழு ஒப்புதல் தர வேண்டும். யாரும் ஏமாற்றக்கூடாது என்று நாங்களே அமைத்த விதி. சல்லடை ஒவ்வொரு அலுவலகமாகப் படியேறி இறங்கினாள்.

"உயிரோட இருக்காருன்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் ஓர் அதிகாரி.

"ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன் சார்."

"ஆளை வச்சு நான் என்னம்மா பண்றது? காகிதம் வேணும்."

ஆறாவது ஒப்புதல் வந்த அன்று தம்பி போய்விட்டான்.

அடக்கம் செய்ய இறப்புப் பதிவு கேட்டார்கள். தன் மேசையில் உட்கார்ந்து அவளே தட்டினாள். நான் பின்னால் நின்றேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இவர் ஏற்கெனவே இறந்தவர். மீண்டும் பதிய இயலாது.

"சரியாத்தான் வேலை செய்யுது" என்றாள். பிறகு, திரும்பாமலே, "அந்த வியாழக்கிழமை கூட்டத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன்."

அதன்பின் அவள் என் வேலையில் ஒரு தவறும் சொன்னதில்லை.