மோசம்போயிட்டார் என்று எழுதினேன்

கடைக்கு அம்மா, சித்தப்பா, நான் மூவரும் போயிருந்தோம். அக்கா இலங்கைத்துறையிலிருந்து வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். அப்பா இல்லை. அங்கே வாங்கிய அவருடைய படகு எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனோம்.

அம்மாவின் தாலிக்கொடியை வங்கியில் அடகு வைத்துத்தான் அந்த எஞ்சினை வாங்கினார். ஒரு நாள் காலை படகை இழுத்து ஏற்றிவிட்டு மணலில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. இறுதிச் சடங்கின்போது கழற்ற அம்மாவின் கழுத்தில் கொடி இருக்கவில்லை. தவணை முடிவதற்குள் மீட்காவிட்டால் ஏலத்தில் போய்விடும்.

கடை முதலாளி எங்களை இருக்கச் சொல்லிக் கதிரை போட்டார்.

“அண்ணை நல்ல மனுசன். வெள்ளிக்கிழமை எஞ்சினைக் கொண்டு வாங்கோ. நாலரை லட்சம் தாறன்.”

அது போதும். கொடியை மீட்டு, மிச்சத்தில் சடங்குக் கடனையும் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மா, அப்பா போன பிறகு முதல் தடவையாக மீன் குழம்பு வைத்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரை படித்தது நான்தான். ஒரு வலைப்பதிவுத் தளத்தில் எழுதி வந்தேன். அங்கே மற்றவர்களின் பதிவை எடுத்து, மேலே நமது சொல்லில் ஒரு வரி வைத்து, நமது பக்கத்தில் பகிரலாம். சொந்தமாக ஒன்று எழுதினால் மற்றவர்களுடையதைப் பத்துப் பகிர வேண்டும், அப்போதுதான் அவர்களும் நம்மைப் பகிர்வார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் நடத்திய பெரிய பக்கம் ஒன்று இருந்தது; வியாபார மோசடிகளை அம்பலப்படுத்தும் பக்கம். அவர் போடுவதையெல்லாம் பாதி படித்தும் படிக்காமலும் பகிர்ந்து வந்தேன். என்றாவது என்னுடையதில் ஒன்றையும் அவர் எடுப்பார் என்ற ஆசைதான்.

எடுத்தார். அந்த வாரமே, அப்பாவைப் பற்றி எழுதியதை எடுத்தார்.

அதில் நான் எழுதிய முதல் வரி: “எஞ்சின் வாங்கின மூன்றாம் மாதம் எங்கட அப்பா மோசம்போயிட்டார்.” கூடவே எஞ்சினைப் பிடித்தபடி கடை வாசலில் அவர் சிரிக்கும் படம். அவருடைய நல்ல படம் அது ஒன்றுதான். பின்னால் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் உடனே எழும்பி, பிரேதத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்தை நடத்தியவரின் ஊரில் அதற்குப் பொருள் வேறு. “எஞ்சின் வாங்கி ஏமாந்த ஏழை மீனவர்! கடையின் பெயரைப் பாருங்கள்!” என்று மேலே எழுதிப் பகிர்ந்திருந்தார். ஃபோன் விடாமல் அடித்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கீழே வந்திருந்த கருத்துகளைப் படிக்கத் தொடங்கினேன்.

“பில் வாங்கலையா பெரியவரே?”

“மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, பாவம், யாரு வேணும்னாலும் ஏமாத்தலாம்.”

அப்பா இறந்துவிட்டார், எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம் என்று கெஞ்சி எழுதினேன். சிறிது நேரத்தில் தலைப்பு மாறியது: “ஏமாந்த துக்கத்தில் உயிரையே விட்ட மீனவர்!” அது முதலாவதைவிட வேகமாகப் பரவியது. என் பதிவை அழித்தேன். அந்தத் தளத்தில் மூலத்தை அழித்தாலும் பகிர்ந்தவர்களின் பக்கங்களில் அது அப்படியே நிற்கும். ஒவ்வொருவராகத் தேடி எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: “நல்லா போய்ட்டிருக்கு ப்ரோ, இப்ப எதுக்கு எடுக்கணும்?”

வெள்ளிக்கிழமை எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். முதலாளி இறக்கவிடவில்லை. தன் ஃபோனை என் முன்னால் நீட்டினார்.

“தம்பி, நான் உங்கட அப்பாவை ஏமாத்தினனானோ?”

“இல்லை முதலாளி. மோசம்போனதெண்டா செத்தது எண்டுதானே நான்...”

“எனக்கு விளங்குது. இஞ்ச உள்ள ஆக்களுக்கும் விளங்கும். கொழும்பில எஞ்சின் கொம்பனிக்காரனுக்கு ஆர் விளங்கப்படுத்திறது? காலமையிருந்து நாலு தரம் கோல் எடுத்திட்டான். இப்ப நான் இதைத் திருப்பி எடுத்தா, கள்ளன் பயந்து காசைக் குடுத்திட்டான் எண்டுதான் கதைப்பினம்.”

அம்மா என் கையைப் பிடித்தாள். “என்னவாம் தம்பி? விலை குறைக்கிறாரோ?”

“எடுக்க மாட்டாராம் மச்சாள்,” என்றார் சித்தப்பா. பிறகு என்னைப் பார்த்து, “எங்கட பரம்பரையில எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். செத்த மனுசனைச் செத்திட்டார் எண்டு எழுத உனக்கு ஏலாமல் போச்சு, என்ன?”

“அவனை ஏசாதேங்கோ,” என்றாள் அம்மா. “செத்திட்டார் எண்டு அவன் எப்பிடி எழுதுவான்? நாய் பூனைக்கோ எழுதினவன்?”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எஞ்சின் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

பட்டினத்தில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் வியாபாரி காக்கா ஒருவர் வீட்டுக்கு வந்து, எஞ்சினைத் தட்டிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

“இது போன்ல வந்த எஞ்சின்தானே தம்பி?”

“ஓம் காக்கா. ஆனா அது...”

“எனக்குத் தெரியும், வாப்பா மௌத்தாப் போனதைத்தான் நீங்க எழுதியிருக்கீங்க. நாளைக்கு நான் விக்கப் போனா, வாங்குறவனும் இதைத்தானே கேப்பான்? அதுக்குத் தக்க மாதிரித்தான் எனக்கும் விலை சொல்ல ஏலும்.”

இரண்டு லட்சத்து அறுபத்தையாயிரத்துக்குக் கொண்டுபோனார். அது கொடியை மீட்கப் போதவில்லை. சடங்குக் கடனைக் கொடுத்தோம், கொடி ஏலத்தில் போயிற்று. அந்தப் பகிர்வுகளில் ஒன்றை எங்கள் ஊர்ப் பையன் ஒருவனே இன்றும் தன் பக்கத்தில் வைத்திருக்கிறான். அதற்குத்தான் அவனுக்கு அதிக விருப்பக்குறிகள். முதலாளி தருவதாகச் சொன்னதற்கும் கையில் வந்ததற்கும் இடையில் எங்களுக்குப் போனது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய்.