அக்கா கூறை பார்க்கப் போன நாள்

எங்கள் அக்கா யாரையும் முதலில் முகத்தில் பார்த்ததில்லை. காலைத்தான் பார்ப்பார். கலியாண வீட்டிலும் சரி, பஸ் தரிப்பிலும் சரி, "அந்த அம்மாவுக்கு நாளம் புடைச்சிருக்கு, பார்த்தனியே?" என்று என்னை இடிப்பார். எனக்கு வெட்கமாய்ப் போய்விடும்.

அக்கா பிறந்தது கொழும்பு ஜிந்துப்பிட்டியில். துறைமுகத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்த அப்பாவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஆறும், திரும்ப வரும். "ஏன் அப்பா இந்தக் காலில மட்டும்?" என்று சிறுமியாக இருந்தபோதே அக்கா கேட்பார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் புண்ணோடேயே அப்பா கண்ணை மூடினார். அம்மா இடியப்பம் அவித்து விற்றுத்தான் அக்காவை டொக்டராக்கினார். பேசி வந்த கலியாணங்களையெல்லாம் தட்டிக் கழித்த அக்கா, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் டிஸ்பென்சரி திறந்தார். மருந்து கொடுப்பதும் நோயாளரை ஏசுவதும் என் வேலை.

ஏசாமல் என்ன செய்வது? தோலில் வந்த படைக்கு யாரோ கொடுத்த கிறீமைப் பூசி, அரிப்பு அடங்கிவிட்டதென்று சந்தோஷப்பட்டு, வயிறு முழுக்கப் பரவவிட்டு வருவார்கள். நான் கத்துவேன். அக்காவோ, "ஆர் தந்தது? எத்தினை நாள் பூசினீங்கள்?" என்று ஆவலாய்க் கதை கேட்பார்.

புடவைக் கடையொன்றில் வேலை செய்த அண்ணை ஒருவர் வந்தார். அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே புண். சுற்றிலும் தோல் கறுத்து, சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது. அக்கா பாதத்தில் நாடி பிடித்து, இரத்த ஓட்டம் நன்றாயிருப்பதை உறுதி செய்தபின், விரலடியிலிருந்து முழங்கால்வரை பண்டேஜ் சுற்றிக் காட்டினார். "நிக்கேக்க இரத்தம் கீழ தேங்குது அண்ணை. இந்தக் கட்டுத்தான் அதை மேல தள்ளும். ஒவ்வொரு நாளும் கட்டுங்கோ."

வாரா வாரம் வந்தார். புண் பெருத்ததே தவிர ஆறவில்லை. நிற்க முடியாவிட்டால் வேலை போய்விடும் என்று கண் கலங்கினார். "கட்டினனீங்களோ?" என்று அதட்டினேன். "சத்தியமாக் கட்டினனான், தங்கச்சி." பச்சைப் பொய் என்று எனக்குக் கோபம். அக்கா, "இல்லையடி, கட்டின தடம் தோலில கிடக்கு. பிறகேன் ஆறேல்லை?" என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்க் கலியாணக் கூறைச் சேலை காட்டச் சொன்னார். அண்ணை திகைத்துவிட்டார். "ஆருக்கு டொக்டர்?"

"எனக்குத்தான். ஏன், நான் கட்டக் கூடாதோ?"

ஐயோ, ஐம்பது கடந்த மனுஷி! எங்கே ஒளிவதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணை வெறுங்காலோடு வெள்ளை விரிப்பில் ஏறிக் கூறையை விரித்தார். காலில் கட்டில்லை. அக்கா மெதுவாக விசாரித்தார். கூறை எடுக்க வருகிற சனத்துக்கு முன்னால் புண் கட்டோடு நிற்பது அபசகுனமாம். காலையில் அவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது ஒழுங்காகக் கட்டுவாராம்.

"நிக்கிற நேரத்திலதான் கட்டவேணும் எண்டு நான் சொல்லேல்லையே! பிழை என்ரைதான்," என்றார் அக்கா. அன்றே முதலாளியோடு கதைத்து, பகலிலும் கட்டோடு நிற்கக்கூடியதாக அண்ணையை வேட்டிப் பகுதிக்கு மாற்றுவித்தார். இடையிடையே காலை உயர்த்தி வைக்க ஒரு கதிரையும் கேட்டு வாங்கினார். சில மாதங்களில் புண் மூடியது. அதன்பின் அது திரும்ப வராமலிருக்க, இறுக்கமான காலுறையைத் தொடர்ந்து போடச் சொன்னார்.

அன்று பார்த்த அரக்குக் கூறையை அக்கா உண்மையாகவே வாங்கிவிட்டார். கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோதும், "அண்ணை சொக்ஸ் போடுறாரோ எண்டு கேட்டுச் சொல்லு," என்றார். கேட்டுச் சொல்ல எனக்கு நாள் கிடைக்கவில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு தந்த அயலவருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

அந்தக் கூறையை உடுத்தித்தான் அக்காவை வழியனுப்பினோம். அண்ணை வந்தார். அத்தனை சனத்துக்கு நடுவில் வேட்டியை முழங்கால்வரை தூக்கி, "போட்டிருக்கிறன் டொக்டர், பாருங்கோ," என்றார். பிறகு குனிந்து அக்காவின் பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டார். அதுவரை அழாமல் நின்ற நான் அப்போதுதான் உடைந்து அழுதேன். உயிரோடிருந்தால் அக்கா கும்பிட விட்டிருக்கமாட்டார்; தானும் குனிந்து, அவர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்திருப்பார்.