எனக்கு முன்னால் அவளை அம்மா என்றவன்

சீப்பையும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஜன்னல் கட்டையில் எடுத்து வைத்துவிட்டு, "பக்கத்து ஊட்டுல போயி வாரிக்க" என்பாள் அம்மா. பக்கத்தில் குடியிருந்த தூத்துக்குடி அக்கா தன் இரண்டு பெண்களுக்கும் பின்னி முடித்து, மூன்றாவதாக என்னை முழங்கால்களுக்கு நடுவில் இழுத்து உட்கார்த்திக்கொள்வாள். "ஆடாம இருட்டி" என்று அவள் உச்சந்தலையில் தட்டுவாள். அந்தத் தட்டுக்காகவே நான் வேண்டுமென்று ஆடுவேன்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக் கட்டணம், புத்தகம், சாப்பாடு எதிலும் அவள் எனக்குக் குறை வைத்ததில்லை. காய்ச்சல் வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் கைகள் அவள் மடியிலேயே இருக்கும். நெற்றியில் கை வைத்துச் சூடு பார்க்கக்கூட மாட்டாள். தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருந்தாள். பனியன் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வந்த துணியில் ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் சாப்பாடு கொண்டுபோனபோது, கைக்குழந்தைகளின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையால் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு மெதுவாக அந்தக் கை எதன்மீதும் போய் நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தூக்குப்போசியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் எனக்கு மகள் பிறந்தபோதும் அம்மா அவளை மடியில் வாங்கவில்லை. தொட்டிலை மட்டும் ஆட்டினாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டடத்திலிருந்து ஒருவர் மனைவியோடு மகளின் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். அம்மாவின் சித்தி மகன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "என்னையத் தெரியுதுங்களாக்கா? சின்ன வயசுல பாத்ததுங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க. அம்மா சாகறதுக்கு முன்னால உங்களையெல்லாம் உட்றக் கூடாதுன்னு சொல்லுச்சுங்க" என்றார். அம்மா அவர் தாடையைப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது. காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு, நான் கேட்காமலே பேசத் தொடங்கினாள். "அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது. எம்பட இடுப்புல இருந்து நழுவி அம்மி மேல உழுந்தான்."

அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பிரசவத்துக்குப் பின் சித்தி படுக்கையில் விழுந்துவிட, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அனுப்பினார்கள். மூன்று வருடம் அவன் இவள் இடுப்பிலேயே வளர்ந்தான். பேச்சு வந்ததும் இவளைத்தான் அம்மா என்றான். அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த சித்திக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே இவளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வருடம் ஊர் நோன்புத் திருவிழாவுக்குப் போனபோது அம்மா ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள். அவன் வீறிட்டு அழுது சித்தியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவள் அந்த ஊருக்குப் போகவே இல்லை.

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுனேன்?" என்று கேட்டேன். நாற்பது வயதில் என் குரல் அப்படி உடையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலை. உன்னயத் தூக்கறதுக்கே பயமா இருந்துச்சு. இதையும் ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு தோணும். அப்பறம் அதே பழகிப்போச்சு." இவ்வளவுதான் சொன்னாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பின்னாலேயே போயிருக்கலாம். ஏனோ போகத் தெரியவில்லை. தொடாமல் இருக்க நானும் பழகியிருந்தேன்.

கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. முட்டி வலி என்று என்னை மட்டும் அனுப்பினாள். மண்டபத்து வாசலில் அவர் கையைக் கூப்பி, "அக்கா வர்லீங்களா கண்ணு?" என்றார். உங்கள் தாடைத் தழும்பு எப்படி வந்தது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, "சாப்பிடாமப் போயிறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மத்தியானம் நான் திரும்பியபோது அம்மா வாசல் கேட் அருகில் நின்றிருந்தாள். முட்டி வலியோடு எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் பள்ளியிலிருந்து வந்த எந்த நாளிலும் அவள் அப்படி நின்றதில்லை.

"அவன் சாப்ட்டானா?" என்றாள்.

பெண்ணைப் பெற்றவர் பந்தி பந்தியாக ஓடிக்கொண்டேதான் இருந்தார். அவர் இலை முன்னால் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. "சாப்ட்டாரும்மா. பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்பாள் என்று, செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.