ஈப்போவில் வீடு கேட்டுப் போனேன்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஈப்போவுக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரப் பயணம், டிக்கெட் நாற்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். வெளியே வெயில் கொளுத்தினாலும் பெட்டிக்குள் பல் கிட்டிக்கும். மலேசியாவுக்கு வேலைக்கு வந்த நான்கு வருடங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, ரயிலுக்குச் சால்வை கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான்.

ஊர் பார்க்கப் போகவில்லை. எங்கள் மென்பொருள் நிறுவனம் ஈப்போவில் ஒரு கிளை திறந்து, எங்கள் குழுவை அப்படியே அங்கே மாற்றியிருந்தது. மாத இறுதிக்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அடுக்குமாடியில் அறை பிடித்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் தரைவீடு கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். காரணம் என் கிரைண்டர். திண்டுக்கல்லிலிருந்து விமானத்துக்கு அதிக எடைக்கட்டணம் கட்டிக் கொண்டுவந்தது. கோலாலம்பூரில் பதினேழாவது மாடியில் ஞாயிறு காலை அதை ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் காவலாளியை அனுப்புவார். கடைசியில் குடியிருப்பு நிர்வாகம் என் கதவில் ஒரு தாளை ஒட்டியது: "வார இறுதியில் கட்டுமான வேலைகளுக்கு அனுமதி இல்லை." இட்லிக்கு மாவாட்டுவது கட்டுமான வேலையாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வீடு மண்மேல்தான் என்று.

கம்பார் தாண்டியதும் சுண்ணாம்புப் பாறை மலைகள் எழும்பத் தொடங்கின. நம் ஊர் மலைகளைப் போல அவை சரிந்து இறங்குவதில்லை. வயலுக்கும் வீட்டு வரிசைக்கும் நடுவில் திடீரென்று செங்குத்தாக நிற்கின்றன. உச்சியில் காடு, இடுப்பில் வெள்ளைப் பாறை. அவற்றைப் பார்த்தபடி வந்ததில் அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை. சனிக்கிழமை என்னுடையது.

ஈப்போ நிலையம் வெள்ளைக் குவிமாடத்தோடு அரண்மனை மாதிரி இருக்கிறது. வாசலில் நான் கைப்பேசியில் கூப்பிட்ட வாடகைக் கார் நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் பிரேமா. நான் கதவைத் திறந்ததுமே கேட்டார்:

"வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்த் தமிழர்கள் சொல்லும் வார்த்தை அது. நான்கு வருடம் ஆகியும் அதைக் கேட்டால் மனசு குளிர்ந்துவிடுகிறது. பசியாறியாச்சு என்றேன்.

"இந்தியாவா? பேசுறதுலயே தெரியுது. எங்க தாத்தா காலத்துல வந்தது நாங்க. ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டம். இப்ப தோட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முன்ன ஃபேக்டரில வேல, இப்ப காடி ஓட்டுறேன். எங்க போறோம் தங்கச்சி?"

இங்கே காடி என்றால் கார். பெர்ச்சாம் பக்கம் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்றேன்.

பெர்ச்சாம் வீட்டுக்காரரோடு மின்னஞ்சலிலேயே எல்லாம் பேசி முடித்திருந்தேன். இரண்டு அறை, மாதம் எண்ணூறு ரிங்கிட், முன்னால் துண்டு மண்தரை. இரும்புக் கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"மிஸ்டர் செல்வராஜ் வரவில்லையா?" என்றார் ஆங்கிலத்தில்.

என் பெயர் கயல்விழி. செல்வராஜ் என் அப்பா. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால் அப்பா அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து அலுவலகக் கடிதம், மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றுக்கும் நான் செல்வராஜ். இதை அந்த அம்மாவுக்கு விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை.

"உள்ளூர்க்காரர் என்று நினைத்தேன். ஆண் என்றும் நினைத்தேன். நீங்கள் இந்தியாவிலிருந்து வந்த தனிப்பெண். மன்னிக்கவும், சரிப்பட்டு வராது."

"நேற்று சரிப்பட்டதே? அதே சம்பளம், அதே வேலை."

"மன்னிக்கவும்," என்றார் மறுபடியும். கதவு மூடியது. நான் அழைப்பு மணியை இன்னொரு தரம் அடித்தேன். அவர் எட்டிப் பார்த்தார். "என் பெயர் கயல்விழி. யாரை வேண்டாம் என்றீர்கள் என்று சரியாகத் தெரிந்திருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். கார்க் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

பிரேமா அக்கா காரைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மொத சாப்பிடலாம். வயிறு காலியா இருந்தா கோவம் கூடும்லா."

லாஹாட் சாலையில் வாழை இலைச் சாப்பாடு. ஒரு இலை பன்னிரண்டு ரிங்கிட். ரசம் எங்கள் வீட்டு ரசத்தைவிடக் காரம், பாகற்காய் வறுவல் அதைவிட அருமை. பாதிச் சாப்பாட்டில் இன்னொரு வீட்டுக்காரரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. காலையில் நான் அனுப்பிய விசாரிப்புக்குப் பதில். ஒரே கேள்வி: "என்ன இனம்?"

அக்காவிடம் காட்டினேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார். "இங்கயே பொறந்து வளர்ந்த எனக்கும் இதே கேள்விதான். நாங்க வீடு மாறுனப்ப ஆறு எடத்துல இதே கேட்டாங்க. கடைசில என் வீட்டுக்காரர் வேல செய்ற எடத்து தவுக்கே ஃபோன் பண்ணி சொன்னாரு, அப்புறந்தான் கெடச்சது."

தவுக்கே என்றால் சீன முதலாளி. "இன்னொருத்தர் சிபாரிசுலதான் நாம மனுசங்களா?" என்றேன்.

"நான் என்னா பண்ண? ரெண்டு பிள்ள, மழைக்காலம். ஒனக்கு ரோசம் இருக்கு, நல்லது. எனக்கு அன்னைக்குக் கூரை வேணும்."

கை கழுவிவிட்டு வந்து அந்தக் குறுஞ்செய்திக்குப் பதில் எழுதினேன்: "மாதாமாதம் ஒழுங்காக வாடகை கட்டும் இனம்." படித்துவிட்டார் என்று நீலக்குறி காட்டியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு இலையை மூடினார்.

"கோப்பெங் போற வழியில ஒரு கேட்டுல வாடகைக்குன்னு பலகை தொங்குறத பாத்தேன். பழைய தோட்டத்து ஓரம். தூரந்தான், ஆனா பஸ் இருக்கு. போலாமா?"

ஈப்போவிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களால் வாழ்ந்த சின்ன ஊர் கோப்பெங். அதற்கு முன்பே பிரிந்து போகும் ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். பால்மரம் என்று இங்கே சொல்லும் ரப்பர் மரங்கள் ஒரு வரிசை மட்டும் மிச்சம் இருந்தன. பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் பாமாயில் எடுக்கும் செம்பனை. ஓரத்தில் ஐந்தாறு தனி வீடுகள். பலகை தொங்கிய வீட்டுக்கு முன்னால் சிமென்ட் முற்றம், பக்கத்தில் கிணறு அளவுக்கு ஒரு தொட்டி, ஒரு கறிவேப்பிலை மரம். அந்த மரத்தைப் பார்த்ததுமே எனக்கு வீடு பிடித்துவிட்டது. படலுக்குப் பக்கத்தில் பழுப்பு நிற நாய் ஒன்று படுத்திருந்தது. எனக்கு நாய் என்றால் பயம். காரைவிட்டு இறங்கவில்லை.

அக்கா பலகையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். அடுத்த வீட்டிலிருந்து காக்கி அரைக்கால் சட்டை போட்ட சீனப் பெரியவர் ஒருவர் வந்தார். லிம் என்று பெயர் சொன்னார். பிறகு அவர் பேசியது தமிழ்.

"ஏன் உக்காந்திருக்க? எறங்கி வா. நாய் ஒண்ணும் செய்யாது."

நான் வாயைப் பிளந்தேன். "எங்கப்பா இந்தத் தோட்டத்துல கட வச்சிருந்தாரு," என்றார். "பால்மரம் வெட்டுற ஆளு பூரா எங்க கடதான். தமிழ் பேசலன்னா யாவாரம் எப்படி?" வராந்தாவில் நாற்காலி போட்டு, கோப்பெங்கின் பேர்போன ஹியோங் பியா பிஸ்கட்டும் கறுப்புக் காப்பியும் வைத்தார். கடித்தால் பொரபொரவென்று உதிர்ந்து, நடுவில் பாகு இழுக்கும் பிஸ்கட். நான் நாலாவதை எடுக்கும்போது கேட்டார்:

"என்னா வேல?"

"கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர்."

"ஊரு?"

"இந்தியா. திண்டுக்கல்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடுக்க மாட்டேன்."

நான் காப்பிக் குவளையைக் கீழே வைத்தேன். லிம் நாயைக் காட்டினார். "இது பேரு பைத்தான், கம்ப்யூட்டர் பாஷையாம். பாம்புப் பேர நாய்க்கு வைக்கிறான்! ஒன்ன மாதிரி கம்ப்யூட்டர் பையன். இந்தியா. ரெண்டு வருசம் இங்க இருந்தான், ரொம்ப நல்ல பையன். ஒரு நாளு காலைல பாத்தா வீடு காலி. நாய கேட்டுல கட்டிட்டு ஏர்போர்ட் போயிட்டான். ஒரு வார்த்த சொல்லல. இது சாப்பிடாம கெடந்துச்சு. நீங்க எல்லாம் அப்படித்தான்."

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் அதோடு போய்விடும். சாமான் விற்கக்கூட நேரம் இருக்காது. என் நண்பர்கள் பலருக்கு அது நடந்திருக்கிறது, எனக்கும் நாளைக்கே நடக்கலாம். அந்தப் பையனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்காக நான் தலை குனிய வேண்டும் என்று அந்தப் பெரியவர் எதிர்பார்த்தது சுருக்கென்று தைத்தது.

"அவன் செஞ்சது தப்பு," என்றேன். "ஆனா அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. என்னப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

"நீயும் ஒரு நாளு போயிடுவதானே?"

"வேலை போனா போய்த்தான் ஆகணும். உங்ககிட்ட சொல்லிட்டுப் போவேன்."

அதுவரை சும்மா இருந்த பிரேமா அக்கா எழுந்து நின்றார். "அங்கிள், எங்க பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் காலி பண்ணிப் போனப்ப, அவங்க தாத்தா படத்தையும் ஊதுவத்திக் கிண்ணத்தையும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. சொந்தத் தாத்தாவையே விட்டுட்டு! நான் இப்ப ஒங்களப் பாத்து நீங்க எல்லாம் அப்படித்தான்னு சொல்லவா?"

லிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கத் தொடையில் தட்டிக்கொண்டார். "அது வேற கதலா." சற்று யோசித்தார். "சரி. ஒரு மாசம் இருந்து பாரு. நல்லா இருந்தா அப்புறம் அக்ரிமென்ட் போடலாம்."

அக்கா என் கையைக் கிள்ளினார், ஒத்துக்கொள் என்று. மாத இறுதிக்குப் பத்து நாள்கூட இல்லை. கறிவேப்பிலை மரம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"மாட்டேன் அங்கிள். மத்தவங்களுக்கு எப்படியோ எனக்கும் அப்படி. ஒரு வருஷ அக்ரிமென்ட். ஞாயித்துக்கிழமை காலையில நான் மாவாட்டுவேன், சத்தம் வரும். அந்த நாய்க்கு நீங்கதான் சோறு வைக்கணும். எனக்கு நாய் பயம்."

"வாய் ரொம்ப நீளம்," என்றார் லிம். நாங்கள் கிளம்பும்போது அவர் எழுந்து வழியனுப்பவில்லை.

கோப்பெங் கடைத்தெருவில் அக்கா காரை நிறுத்தி அதே பிஸ்கட்டில் இரண்டு பொட்டலம் வாங்கினார். என்னோடு பேசவில்லை. கோபம். எனக்கும் என்மேல் கோபம் வரத் தொடங்கியிருந்தது. அப்போது அவர் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் லிம்மின் குரல் கடைத்தெருவுக்கே கேட்டது.

"அந்த நீள வாய் பொண்ணு இருக்கா? புதன்கெழம பாஸ்போர்ட் எடுத்துட்டு வரச் சொல்லு. ஒரு வருசம். மாவு ஆட்டட்டும், பத்து மணிக்கு மேல. நாய நான் பாத்துக்கறேன்லா."

அக்கா என்னைப் பிடித்து உலுக்கினார். பிறகு நடுத்தெரு என்றும் பாராமல் கட்டிக்கொண்டார். நிலையத்தில் இறங்கும்போது அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்துக்கு நூற்றைம்பது ரிங்கிட் வாங்கிக்கொண்டார், பிஸ்கட் பொட்டலம் ஒன்றை என் பைக்குள் திணித்தார்.

மாலை ரயில் தாப்பா ரோடு நிலையத்தைத் தாண்டியபோது அப்பா கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். "அந்நிய ஊர்ல நம்மள நம்பி வீடு குடுக்குறான் பாரு, அவன் மனுசன்," என்றார். அப்படியே பேச்சுவாக்கில், "நம்ம மாடிப் போர்ஷனுக்கும் இன்னைக்கு ஆள் வந்தாக. ஒடிசாக்காரப் புருசன் பொஞ்சாதி, நூல் மில்லுல வேலை. வடக்கத்தி ஆளு நமக்கு எதுக்குன்னு இல்லைனுட்டேன்," என்றார்.

பெட்டியின் குளிரில் சால்வைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் காது மட்டும் சுட்டது.

"அப்பா, அந்த மாடி என் சம்பளத்துல கட்டுனது. அவங்களக் கூப்பிட்டு விடுங்க."

"தெருவுல என்ன சொல்லுவாக தெரியுமா?"

"என்னத்தையும் சொல்லட்டும். காலையில ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துனா. இப்ப நீங்களும் அதையே செஞ்சிட்டு என்கிட்ட சொல்றீங்க."

"நம்பர்கூட வாங்கலயே, ஆத்தா."

"மில் வாசல்ல போய் நின்னு கேளுங்க. நான் இன்னைக்கு வாசல் வாசலா நின்னேன்."

அப்பா இணைப்பைத் துண்டித்துவிட்டார். மூன்று நாள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. புதன்கிழமை லிம் வீட்டு வராந்தாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அப்பா அழைத்தார்.

"அவுக மாடிக்குக் குடி வந்துட்டாக," என்றார் மொட்டையாக. "அந்தப் பொண்ணு சமைச்சா கடுகெண்ணெய் வாசம் மாடிப்படியில எறங்கி நம்ம வீட்டுக்குள்ள வருது."

"வரட்டும்," என்றேன்.