கொப்பி சுமக்கும் ஊழியம்

இரவுக் காவல்காரனை நம்பிக் கடையையே விட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள், அதே ஆள் விடிந்தபின் சும்மா ஓர் உதவி செய்ய வந்தால் மட்டும் முழித்துக்கொள்வார்கள். கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சாமிப் படம்

எனக்கு வீடு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில். வேலை பதுளையில், ஒரு துணிக்கடையில் இரவுக் காவல். தோட்டத்து முதல் பஸ் பதுளைக்கு வந்து சேருவதற்குள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நம்பர் முடிந்துவிடும். டாக்டர் மருந்து எழுதும் நோட்டுதான் கொப்பி; அதை முந்தி வைத்தவருக்கே நம்பர். பிரசங்கம் எனக்கு வராது. அதனால் அயலவர்களின் கொப்பிகளை மாலையே வாங்கிப் போய், வேலை முடிந்ததும் வரிசையில் வைப்பதை என் ஊழியமாக்கிக்கொண்டேன்.

பக்கத்து லயத்து மாரியாயி அக்காவுக்குச் சீனி வியாதி. காலில் ஆறாத புண். இரண்டு மாதமாக டாக்டரைப் பார்க்காமலே திரும்பியிருந்தார். கொப்பியைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னைக்குக் கொப்பி. நாளைக்கு எங்க சாமிப் படத்தைக் கழட்டச் சொல்லுவியா, தம்பி?”

நாலு வியாதி

ஆனாலும் தந்தார். அவருடையதோடு நாலு கொப்பிகளை வைத்ததும், இடம் பிடித்து விற்கிற ஆள் என்று நினைத்துவிட்டார் நம்பர் கொடுப்பவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். “சீனி, பிரஷர், நெஞ்சு வலி, மூட்டு வலி... நாலும் ஒங்களுக்கா? இதோட ராத்திரி வேலைக்கும் போறீங்களா?”

கூடை

எங்கள் பாஸ்டர் நல்ல மனுஷன். கனி கொடுக்கும் வாழ்க்கையைப் பற்றி ஒரு மாதம் முழுக்கப் பிரசங்கித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, என் ஊழியத்தால் யார் சபைக்கு வந்தார்கள் என்று கேட்டார். “சபைக்கு யாரும் வரல பாஸ்டர், கிளினிக்குக்குத்தான் போனாங்க” என்றேன். “ஆளே இல்லாத கனிய எந்தக் கூடையில வைக்கிறது, பிரதர்?”

அழைப்புத் தாள்

அந்தக் கேள்வி என்னை அரித்தது. அடுத்த முறை அக்காவின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஞாயிறு ஆராதனை அழைப்புத் தாள் ஒன்றை உள்ளே செருகிவிட்டேன். அதற்கடுத்த மாதம் அவர் கொப்பி தரவில்லை. தானே முதல் பஸ்ஸில் போய், நம்பர் கிடைக்காமல் நொண்டிக்கொண்டு வந்தார். புண் கறுத்துப்போயிருந்தது.

அவர் வாசலில் போய் நின்றேன். “நான்தான் வச்சேன் அக்கா. ஒங்கள சபைக்கு இழுக்கணும்னுதான் வச்சேன். இனி வைக்கமாட்டேன்.” அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் மறு கிளினிக்குக்கு முந்தின மாலை, நான் வேலைக்குப் போகும் பஸ் புறப்படும் நேரத்தில் வந்து ஜன்னல் வழியாகக் கொப்பியை நீட்டினார். விடிந்ததும் வைத்தேன், மூன்றாம் நம்பர். காலை வெட்டி எடுக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வெளியே வந்த அக்கா சிரிக்கவில்லை. “கால் தப்பிருச்சு. அடுத்த மாசமும் கொப்பி தாரேன், தம்பி. ஆனா தாளை எண்ணித்தான் தருவேன், எண்ணித்தான் வாங்குவேன்.”

புண் ஆறிவருகிறது, ஆனால் என்னில் காய்த்தது அன்பா, ஆள் பிடிக்கிற ஆசையா என்று யாராவது கேட்டால், அந்தச் சந்தேகத்தில் நானும் அக்கா கட்சிதான்.