ஜீனத் மேடம் போர்த்திய சால்வைகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கலை அறிவியல் கல்லூரி. அங்கே பேச வருகிறவர்களைப் பேச வைக்க யாரும் சிரமப்பட்டதே இல்லை. நிறுத்துவதற்குத்தான் ஆள் தேடினார்கள். தேடிக் கிடைத்தவள் வணிகவியல் துறை ஜீனத்.

வெளியாள் ஒருவரை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால், அப்புறம் அவர் பாடு, கேட்கிறவர்கள் பாடு. நேரத்தின் அருமை பற்றிப் பேச வந்த ஒருவர் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் பேசினார். தன்னம்பிக்கை ஊட்ட வந்த இன்னொருவர், "எல்லோரும் கண்ணை மூடுங்க, உங்க அம்மா செத்துட்டதா நினைச்சுக்குங்க" என்று சொல்லி முதலாமாண்டுப் பெண்களைக் கூட்டமாக அழவிட்டார். நிஜமாகவே அம்மா இல்லாத பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அதையும் அவர் தன் பேச்சின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நிறுத்துவது என்ன அவ்வளவு லேசா? துண்டுச் சீட்டு கொடுத்தால் பேச்சாளர் அதை மைக்கிலேயே உரக்கப் படித்துவிட்டு, "முடிச்சுக்கச் சொல்றாங்க. முடிக்கட்டுமா, பேசட்டுமா?" என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்பார். மாணவர்கள் எதைச் சொல்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மைக்கை அணைத்தால் இன்னும் மோசம். ஒரு தடவை அணைத்துப் பார்த்தார்கள். அந்த ஆள் மேடையிலிருந்து குதித்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று வெறும் தொண்டையில் கத்தினார். விசில் பறந்தது. அவரைத் தோளில் தூக்காததுதான் பாக்கி.

சால்வை வேலை செய்யும் என்பது ஜீனத்துக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. பெண்கள் முன்னேற்றம் பற்றி ஒரு ஓய்வுபெற்ற அம்மையார் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க அவர் நிறுத்தியதைப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்து, ஜீனத் சால்வையை விரித்துக்கொண்டு போய்த் தோளில் போர்த்திவிட்டாள். கூட்டம் கைதட்டியது. அம்மையார் தம்ளரைக் கீழே வைத்தார், கைகூப்பினார், புகைப்படத்துக்கு நின்றார், போய் உட்கார்ந்தார். இன்னும் பாதிப் பேச்சு பாக்கி இருந்தது அவருக்கே மறந்துபோயிற்று. சால்வை போர்த்தப்பட்டவர் கும்பிட வேண்டும், கும்பிட்டவர் இறங்க வேண்டும். நம் ஊர் மேடைகளில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, உடம்பே செய்துவிடும்.

தாளாளர் இதைக் கவனித்தார். அன்றிலிருந்து அதுவே கல்லூரியின் முறையாயிற்று. பேச்சு தடம் மாறினால் தாளாளர் தன் தோளைத் தானே ஒரு தட்டு தட்டிக்கொள்வார். ஆண் பேச்சாளர் என்றால் உடற்கல்வி வால்டர் சால்வையோடு எழுந்து போவார். பெண் என்றால் ஜீனத். ஆண்கள் பெண்களுக்குச் சால்வை போர்த்துவது மரியாதை இல்லை. கையில்தான் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசுவார்கள், அதில் ஒன்றும் நடக்காது.

ஜீனத்தின் அத்தா கமாலுக்கு ராயபுரத்தில் மைக் செட் கடை இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். கட்சிக் கூட்டம், மீலாது விழா, மாதா கோவில் திருவிழா என்று எல்லா மேடைகளின் பின்புறமும் அவளுக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்துக்காகக் கல்லூரி அவளை வேலைக்கு வைக்கவில்லை. எம்.காம்., எம்.ஃபில்., அதற்கு மேல் பிஎச்.டி.யும் முடித்துவிட்டு, வருஷா வருஷம் மே மாதம் வேலை போய் ஜூன் மாதம் வேலை வரும் தற்காலிக விரிவுரையாளராகப் பல காலமாக இருந்தாள். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். அதை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் 'இளைஞர் சக்தி' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு ஒருவர் வந்தார். நல்ல வெள்ளை வேட்டி, நல்ல குரல். பத்து நிமிஷம் இளைஞர்கள் இருந்தார்கள், சக்தி இருந்தது. அப்புறம் பேச்சு பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் திரும்பியது. அங்கே கடை வைத்திருப்பவர்கள் யார், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஏன் தலையை மூடுகிறார்கள், அவர்களெல்லாம் எந்த நாட்டுக்கு விசுவாசம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள். தாளாளர் தோளைத் தட்டினார். வால்டர், வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டிக்குப் பையன்களை அழைத்துக்கொண்டு போயிருந்தார்.

ஜீனத் துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டாள். சால்வையை எடுத்துக்கொண்டு படியேறினாள். அந்த ஆள் அவளைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். கழுத்து தானாகக் குனிந்தது. போர்த்தினாள். பேச்சு நின்றது, கலாட்டா இல்லாமல் கூட்டம் கலைந்தது. "ஒரே சால்வையில ஒரு கலவரத்தை மடிச்சு வெச்சுட்டாங்க" என்று தாளாளர் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் அவள் அம்மா ரஹீமுன்னிசா சிரிக்கவில்லை.

"உன்னத் திட்டுனவனுக்கு உன் கையாலயே சால்வயா?"

"பேச்சு நின்னுச்சுல்லம்மா."

"நின்னுச்சு. போவும்போது நெஞ்ச நிமித்திக்கினு போனானா, தலயத் தொங்கப் போட்டுக்கினு போனானா?"

 அவன் சால்வையை மடிக்காமல், தோளிலேயே போட்டுக்கொண்டு காரில் ஏறியதை ஜீனத்தே பார்த்திருந்தாள்.

அந்த வருஷம் மகளிர் தினத்துக்குப் பக்கத்து ஆலை ஒன்றின் அதிகாரி சிறப்பு விருந்தினர். கல்லூரிக்குப் புதுக் கணினிக் கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்த ஆலை அது. அவரோடு மேடையில் உட்கார, 'உழைக்கும் பெண்மணி' என்ற முறையில், எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கக் குப்பத்திலிருந்து பவானி என்ற மீன்காரம்மாவை மாணவிகள் அழைத்து வந்திருந்தார்கள். அஞ்சு நிமிஷம் பேசுவார், கைதட்டலாம் என்பது ஏற்பாடு. விழாவுக்கு முன்பே தாளாளர் ஜீனத்தை அறைக்குக் கூப்பிட்டார். "ஜூன்ல உங்களுக்கு நிரந்தரம் பண்ணிடலாம்னு இருக்கேன். இந்த விழா மட்டும் நல்லபடியா போகட்டும்" என்றார்.

பவானி பளிச்சென்ற பச்சைப் புடவையில் வந்திருந்தாள். மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள், அப்புறம் பழகிவிட்டது. கூடை தூக்கி வியாபாரம் செய்ததைச் சொன்னாள். வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்த வருஷத்தைச் சொன்னாள். வலையெல்லாம் தார் பூசினாற்போல் ஆனது, ஆற்றில் சாம்பல் படிவது, இறால் அற்றுப்போனது என்று பேச்சு நீண்டது. அதிகாரி செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜீனத் முதலில் சீட்டு கொடுத்தாள். பவானி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணாடி எட்தாரல கண்ணு. இன்னா எய்திக்கீது, நீயே பட்சி சொல்லு" என்று மைக்கிலேயே கேட்டாள். அரங்கம் சிரித்தது. 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருந்ததைப் படிக்க ஜீனத்துக்கு வாய் வரவில்லை. "நல்லா பேசுறீங்கன்னு எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பவானிக்கு முகம் மலர்ந்தது. குரல் இன்னும் ஏறியது.

"மார்க்கெட்டுல இப்பல்லாம் மீன வாங்குறதுக்கு மின்னாடி மோந்து பாக்குறாங்க. எண்ண நாத்தம் அடிக்குதான்னு. பாக்கட்டும், துட்டு குடுக்குறவங்க பாக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் இன்னா கேக்குறேன்னா..."

தாளாளர் தோளைத் தட்டினார். வால்டர் ஜீனத்தின் பக்கம் குனிந்து, "லேடீஸுக்கு நான் எப்படி மேடம் போடுறது?" என்றார். ஜீனத் எழுந்தாள். ஜூன் மாதம் மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

அவள் அதுவரை போர்த்திய சால்வைகளிலேயே கச்சிதமாக விழுந்தது அதுதான். பவானி பாதி வாக்கியத்தில் நின்றாள். சால்வையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். மற்றவர்களைப் போலச் சம்பிரதாயத்துக்குக் கும்பிடவில்லை. அதிகாரியை, தாளாளரை, மாணவிகளை, கடைசியில் ஜீனத்தை என்று ஒவ்வொருவரையாகத் திரும்பிக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச வந்ததை மறந்து, தடுமாறி நடந்துபோய் உட்கார்ந்தாள்.

ஜூனில் ஜீனத்துக்கு ஆணை வந்தது. முதல் ஒரு வருஷம் தகுதிகாண் பருவம், அதன்பின் நிரந்தரம். ரஹீமுன்னிசா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிரியாணி கொடுத்தாள்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் ஜீனத் சங்கரா மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள்.

"இன்னா டீச்சரு, அடையாளம் தெர்லியா? எனக்கு சால்வ போட்ட கையாச்சே!"

பவானி தன் பலகைக்கு முன்னால் இருந்த தண்ணீரைத் துடைத்து இடம் செய்தாள். "எங்க குப்பத்துலயே எனக்குத்தான் மொத சால்வ. இந்த ஆடிக்கு கூழ் ஊத்துறப்போ அதத்தான் போத்திக்கினு போனேன். எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாளுங்க." பிறகு மீனைச் செதில் எடுத்துக்கொண்டே, குறை என்றில்லாமல் சாதாரணமாகச் சொன்னாள். "இன்னா ஒண்ணு, அன்னிக்கு சொல்ல வந்தத சொல்லல. நீ போத்துனதும் சந்தோசத்துல மறந்துட்டேன். வூட்டுக்கு வந்தப்புறம்தான் நாபகம் வந்துச்சு."

"என்னம்மா சொல்ல வந்தீங்க?"

"அது மைக்குல சொல்ற பேச்சு. மீன் வெட்டிக்கினே சொன்னா நல்லாவா கீது?"

ஜீனத்துக்கு வெட்கமாக இருந்தது. தலை முக்காடு பற்றிப் பேசியவனுக்கும் சால்வை, இவளுக்கும் அதே சால்வை. அதே கடையில் மொத்தமாக வாங்கி அதே பீரோவில் அடுக்கியிருந்தவை. அவன் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டு போனான். இவள் கூழ் வார்க்கப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறாள். யாரிடமும் நேருக்கு நேர் 'போதும்' என்று சொல்லாமல் இத்தனை காலம் ஓட்டியதைத் தான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தது அவளுக்கே கசந்தது.

மறு வருஷ மகளிர் தினத்துக்கு அவளே அமைப்பாளர். பவானியின் பெயரை மறுபடியும் எழுதிக் கொடுத்தாள். தாளாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரட்டும். நீங்கதான் இருக்கீங்களே" என்றார். கணினிக் கூடம் பாதி எழும்பியிருந்தது. அதிகாரி இந்த வருஷமும் வந்தார்.

வரவேற்புரை முடிந்ததும், யாரும் எதிர்பாராமல், ஜீனத் சால்வைத் தட்டை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். "இந்த வருஷம் மரியாதை முதல்ல, பேச்சு பிறகு" என்று மைக்கில் சொன்னாள். அதிகாரிக்கு வால்டரைப் போர்த்தச் சொன்னாள். பவானிக்கு அவளே போர்த்தினாள். தட்டு காலியானது. காலித் தட்டை மேடைக்குக் கீழே வைத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பவானி இந்தத் தடவை கண்ணாடி கொண்டுவந்திருந்தாள். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, போன வருஷம் விட்ட இடத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தாள். தாளாளர் தோளைத் தட்டினார். ஜீனத் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். கடைசியில் எழுந்து, குனிந்தபடி அவள் அருகில் வந்தார்.

"மேடம், சால்வை!"

"போட்டாச்சே சார்."

மைக்கில் பவானியின் குரல் வந்தது. "மீன மோந்து பாக்குறாங்க, சரி. என் பொண்ணு இஸ்கூல் வுட்டு வந்து என் மடில படுத்தா அவ தல மயிருலயும் அதே எண்ண நாத்தம்தான் அடிக்குது. மீன மோந்து பாக்குற ஊருல, அந்தக் கொயந்த தலய மோந்து பாக்க இன்னி வரிக்கும் ஒர்த்தரும் வர்ல. அத்த சொல்லத்தான் போன வருசமும் வந்தேன்."

சொல்லிவிட்டுத் தானாகவே போய் உட்கார்ந்தாள். கைதட்டல் உடனே வரவில்லை. அதிகாரி மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு பின்வரிசையில் எங்கோ ஒரு பெண் தட்ட ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஜூனில், நிர்வாகக் காரணங்களால் ஜீனத்தின் தகுதிகாண் பருவம் இன்னொரு வருஷம் நீட்டிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். விழாக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து துப்பட்டாவை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை.

"இன்னாச்சு?" என்றாள் ரஹீமுன்னிசா.

"இன்னும் ஒரு வருஷமாம்மா." நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

 அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

"உன்னத் திட்டுன அந்த ஆளுக்கு நீ போட்ட சால்வ இத்தினி நாளா என் கண்ணுலயே நின்னுக்கினு இருந்துச்சு. இன்னிக்குத்தான் போச்சு. கைய கழுவிக்கினு வா, சாப்புடலாம்."