மாப்பிள்ளையின் காது

“...இப்பப் பாருங்க மாமா, கூசறதெல்லாம் போயிருச்சு. வெண்ணெயில கத்தி எறங்குனாப்ல இருக்குதுங்க!” என்றார் மாப்பிள்ளை, ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து, மூடிய கண்களைத் திறக்காமலேயே.

மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. காதர்பேட்டையில் பனியன் கடை. நான் பாதி ஆயுளை பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் கழித்தவன். குக்கர் விசில் கேட்கும்; கொலுசு கேட்காது. அப்படிப்பட்டவனுக்கு ஸ்பீக்கர் செய்யும் கிறுக்கு.

இந்த ஸ்பீக்கர் மகளுக்காக. வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். “சின்னக் காதுங்கப்பா, ‘ஸ்’ வர்ற எடத்துல குத்துச்சுன்னா எனக்கு வேண்டாம்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

குத்துவது ட்வீட்டர், அதாவது கீச்சென்ற உச்ச ஒலிகளைத் தரும் குட்டி ஸ்பீக்கர். அதன் அலுமினியக் குமிழுக்கு எதிரே, தொடாமல், மயிரிழை தள்ளி ஒரு சின்னக் கூம்பை நிறுத்தினால், நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கிளம்பும் ஒலி ஒன்றையொன்று இடிக்காமல் வெளியே வரும். ஃபேஸ் பிளக் என்கிறார்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கூம்புக்கு எங்கள் பனியன் ஊரில் என்ன பஞ்சம்? தொப்பி வைத்த டி-ஷர்ட்டின் கழுத்துக் கயிற்று நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் குப்பிகள் மாப்பிள்ளை கடையில் கொட்டிக் கிடக்கும். ஓட்டையைப் புட்டிப் பசை வைத்து அடைத்து, உப்புத்தாளில் தேய்ப்பேன்.

எவ்வளவு தேய்ப்பது? அந்த உச்ச ஒலி என் காதுக்கு எட்டாது. அதற்குத்தான் மாப்பிள்ளையின் காது. “வெயில்ல கெடந்த தகரத்தத் தொட்டாப்ல” என்றால் கூம்பைக் குட்டையாக்குவேன். “சோத்துல மண்ணு கடிச்சாப்ல” என்றால் கொஞ்சம் தள்ளி நிறுத்துவேன். அவர் சொற்களுக்கு நான் அடிமை. வாரம் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

வெண்ணெய் என்றதும் மனம் குளிர்ந்து, பெட்டியின் பின்பலகையை மூடக் குனிந்தேன். ட்வீட்டருக்குப் போகும் வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூம்பை மாற்றும்போது நான் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. ட்வீட்டர் பாடவே இல்லை.

“மாப்ள, வயரே மாட்டலீங்களே?”

மாப்பிள்ளை கண்களைத் திறந்தார்.

“எனக்கும் அந்த மேல்சத்தம் கேக்கறதில்லீங்க மாமா. கடை போடறதுக்கு முன்னாடி நானும் நிட்டிங்லதானுங்களே நின்னேன்?”

“அப்பறம் தகரம், மண்ணுன்னதெல்லாம்?”

“உங்க மொகத்தப் பாத்துச் சொல்றதுதானுங்க. மொகம் சுருங்குனா தகரம். சிரிச்சா வெண்ணெய்.”

“கண்ண மூடிட்டுத்தான இருந்தீங்க?”

“முழுசா மூடுலீங்க.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கேட்கவில்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் மகளையே உட்காரவைத்துத் தேய்த்திருப்பேனே! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, டீ குடித்து, என் முகத்தையே எனக்கு அழகழகான வார்த்தைகளாக்கித் திருப்பித் தந்திருக்கிறார்.

“நாளைக்கு உங்க அக்கா பொண்ணு இத நம்பிக் கொழந்தைங்க முன்னாடி வைக்கப் போறா மாப்ள. அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

மாப்பிள்ளை எழுந்து வந்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, வயரை மாட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இந்தத் தடவை கண்களை முழுசாக மூடிக்கொண்டார்.